பதினோராவது மாடியில் மூன்றாவது நாற்காலி

எத்தனை பேர் மேடம் என்று வாசலில் நின்ற பெண் கேட்டதும் ரெண்டு என்று சொல்லிவிட்டேன். மூன்று கோடையாகச் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன வார்த்தை. பின்னாலிருந்து பிலோ "மூணு" என்றாள், சிரித்துக்கொண்டே. என்னைப் பார்த்துச் சிரித்தாளா அவரைப் பார்த்துச் சிரித்தாளா என்று நான் திரும்புவதற்குள் அந்தப் பெண் இன்னொரு மெனு அட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள். வழக்கமாக உட்காரும் மேசை காலியாகத்தான் இருந்தது. கிழக்கு மூலையில், கண்ணாடித் தடுப்பை ஒட்டி, இரண்டு பேருக்கு மட்டுமே ஆன குட்டி மேசை. அங்கே உட்கார்ந்தால் சாந்தோம் கோபுரம் தெரியும், அதற்குப் பின்னால் கடல், இந்தப் பக்கம் கலங்கரை விளக்கம். பதினோரு மாடிக்குக் கீழே அடிக்கிற ஹாரன் எல்லாம் வேறு யாருடைய ஊரிலோ அடிப்பதுபோலக் கேட்கும். அந்தப் பெண் நடுவில் இருந்த பெரிய மேசையைக் காட்டினாள். நல்லதாகப் போயிற்று, நடுவிலேயே உட்காரலாம், மூலை மூலையாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். பிலோதான் "இல்லம்மா, அங்கதான் காத்து வரும்" என்று மூலைக்குப் போனாள். உடனே அவர், எட்வின், பக்கத்து மேசையிலிருந்து ஒரு இரும்பு நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். அது தரையில் கிறீச்சிட்டது. பல் கூசியது. தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே. தூக்கியிருந்தால், இந்த வயதில் பலம் காட்டுகிறார் என்று நினைத்திருப்பேன். அதுவும் தெரிகிறது எனக்கு. மணி ஐந்தரை, கத்திரி தொடங்கிப் பத்து நாள், வெயில் முதுகுக்குப் பின்னால் இன்னும் இறங்காமல் நிற்கிறது, நாற்காலியின் கைப்பிடி சுடுகிறது, எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது இதைக் கடத்த.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மே மாதம்தான். மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தில் மோட்டார் கெட்டு இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து பிலோ இறங்கி வந்தாள், நான் இரண்டாவது மாடி, பத்தொன்பது வருஷமாக அவள் தரைதான் எனக்குக் கூரை. "சுகு, கிளம்பு, ஏதாவது பெரிய ஓட்டல்ல போய் ஒரு கோல்டு காபி குடிச்சிட்டு அங்கயே முகத்தையும் கழுவிட்டு வரலாம்" என்றாள். ஓட்டல் லிஃப்டில் நான் தப்பான பொத்தானை அழுத்திவிட்டேன். கதவு திறந்தால் வானம். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். ஒரு பள்ளிக்கூடக் கெமிஸ்ட்ரி டீச்சரும் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரியும் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏதோ அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டதுபோல. திரும்பிப் போயிருப்போம். காற்று வந்தது. கடலிலிருந்து நேராக, இடையில் ஒரு சுவர்கூட இல்லாமல் வந்த காற்று. பிலோ புடவைத் தலைப்பைப் பிடிக்காமல் விட்டுவிட்டாள், அது பறந்தது. "காபி எதுக்குடி" என்றாள். அவள் வீட்டுக்காரர் ஆரோக்கியம் அண்ணன் போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது, அதற்குப் பிறகு அவள் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது. ஏப்ரல் பிறந்தால் ஜூன் முடிகிறவரை வெள்ளிக்கிழமை தவறாமல். சென்னையில் இருக்கிற மொட்டைமாடி பார் பாதியை ஏறிப் பார்த்தாயிற்று. நுங்கம்பாக்கத்தில் நீச்சல்குளத்தோடு ஒன்று, அங்கே இளசுகள் கூட்டம், பாட்டுச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கிண்டியில் ஒன்று, விமானம் தலையைத் தடவிக்கொண்டு போகும், ஒவ்வொன்று போகும்போதும் பிலோ எங்கே போகிறது என்று ஊகித்துச் சொல்வாள், எல்லாமே ரோம் என்பாள். இரண்டு கிளாஸ், அதற்கு மேல் கிடையாது, எட்டு மணிக்குள் ஆட்டோ. அடுக்ககத்தில் கேட்டால் யோகா வகுப்பு. எதிர் வீட்டு மாமி நானும் வரேன் என்று ஒரு மாதம் நச்சரித்தாள். இதெல்லாம் என்ன பெரிய விஷயம், ஊரில் இல்லாத சந்தோஷமா என்று யாரும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே நான் வெள்ளிக்கிழமைக்கு என்ன கட்டுவது என்று யோசிப்பேன். வேறு என்ன சொல்ல.

எட்வின் எனக்கு ஒரு டீத்தூள் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். குன்னூரில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, ஜனவரியில் யாரோ உறவுக்காரர் கல்யாணத்தில் பிலோவைப் பந்தியில் எதிரே பார்த்தவர். "இது கடையில கிடைக்காது சிஸ்டர், முதல் கொழுந்து" என்றார். மூக்கருகே கொண்டுபோனேன். மட்டமான டீயாக இருக்கக்கூடாதா. இல்லை, நல்ல வாசனை, மழை பெய்த மறுநாள் காலைபோல. சிஸ்டர். நான் யாருக்கு சிஸ்டர். மூன்று தம்பிகளுக்கு அக்காவாக இருந்து, அவர்களைக் கரையேற்றி முடித்தபோது எனக்கு நாற்பத்தொன்று, அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை, வராததில் வருத்தமும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது குன்னூரிலிருந்து ஒருவர் புதிதாக வந்து என்னை அக்கா தங்கை கணக்கில் சேர்க்கிறார். அப்படிச் சேர்த்துவிட்டால் நான் ஒதுங்கி நிற்க வேண்டியவள், ஆசீர்வாதம் செய்ய வேண்டியவள். கிளாஸ்கள் வந்தன. எங்கள் இரண்டு பேருக்கும் ஜின்னும் டானிக்கும், மேலே வட்டமாக ஒரு வெள்ளரித் துண்டு. அவருக்கு பியர். "ஒண்ணோட நிறுத்திக்கணும் சிஸ்டர், ரெண்டாவது போனா பாட ஆரம்பிச்சிடுவேன்." பிலோ சிரித்தாள். "ஆமாடி, பாடுவார். நான் கேட்டிருக்கேன்." எப்போது கேட்டாள்? கல்யாணப் பந்தியிலா பியர் ஊற்றினார்கள்? போனிலா? மார்ச் மாதம் ஒருநாள் மாடியில் அவள் நடந்துகொண்டே இருந்தாள், சமையலறையிலிருந்து ஹால், ஹாலிலிருந்து பால்கனி, கால் சத்தம் என் கூரைமேல் போய்ப்போய் வந்தது, முட்டிவலி அதிகமோ, தைலம் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று நான் கீழே படுத்துக்கொண்டு கவலைப்பட்டேன். கவலைப்பட்டேன். போனில் அவர் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

என் கிளாஸிலிருக்கும் வெள்ளரித் துண்டை பிலோ எடுத்துத் தின்பாள். முதல் நாளிலிருந்தே அப்படி. கேட்கமாட்டாள், விரலை விட்டு எடுத்துக் கறுக்கென்று கடிப்பாள், எனக்கு வெள்ளரி பிடிக்காது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். இன்றைக்கு விரல் வரை வந்தது, நின்றது. "எடுத்துக்கட்டுமா?" என்றாள். அவர் எதிரில் நாகரிகம். எடுத்துக்கோ என்றேன். கிளாஸை அவள் பக்கம் தள்ளினேன், ஒரு வெள்ளரித் துண்டுக்கு அனுமதி கொடுக்கிறவள்போல. நீலத்தில் புதுச் சுடிதார் போட்டிருந்தாள், நான் இல்லாமல் வாங்கியது, அழகாக இருந்தது. அவர் பேசும்போது தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்கிறாள், முப்பது வருஷம் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்ட தலை. என்னிடம் அப்படிச் சாய்த்துக் கேட்டதில்லை, என்னிடம் பாதியிலேயே புகுந்து பேசிவிடுவாள், அதுதான் நெருக்கம் என்று இத்தனை நாள் நினைத்தேனே, அது அலட்சியமாக இருந்துவிட்டால்? அவர் மோசமான ஆள் இல்லை. அதுதான் என்னைப் படுத்துகிறது. பணியாளை அதட்டவில்லை, பிலோவின் தட்டில் தானாக எதையும் எடுத்து வைக்கவில்லை, என்னையும் பேச்சில் இழுத்துக்கொண்டே இருந்தார். ஒரு குறை கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடையை ஓட்டிவிடுவேன். காதில் முடி இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய. காற்று எழுந்தது, மேற்கே வெயில் கட்டிடங்களுக்குள் நுழைந்து கண்ணாடிகளெல்லாம் ஆரஞ்சாகிவிட்டன, கடல் வெள்ளையிலிருந்து சாம்பலுக்குப் போனது, சுற்றிலும் ஒவ்வொரு மேசையிலும் ஆட்கள் ஆ என்று மூச்சுவிட்டார்கள். பகல் முழுக்க வெந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற சுகம். எனக்கும் கழுத்து வியர்வை குளிர்ந்தது. அதே சமயம் உள்ளே ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது மாடி பூட்டிக்கிடக்கும். காலை ஐந்து மணிக்கு மேலே குக்கர் வைக்கிற சத்தம் இருக்காது. அந்தச் சத்தத்துக்குத்தான் நான் எழுந்திருக்கிறேன், அலாரம் வைத்ததே இல்லை. யாராவது புதிதாகக் குடிவருவார்கள், அவர்கள் நடை எனக்குப் புரியாது. போகிறேன் என்று அவள் சொல்லவில்லையே, சொல்லாததை நானே எதற்கு. ஆனால் இன்றைக்கு எதற்கு அவரை இங்கே அழைத்துவந்தாள்?

பிலோவுக்குப் போன் வந்தது, துபாயிலிருந்து அவள் மகன். சத்தம் என்று எழுந்து லிஃப்ட் பக்கம் போய்விட்டாள். நானும் அவரும். அவர் பியர் கிளாஸின் ஈரத்தை டிஷ்யூவால் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "சிஸ்டர், உங்கள ஒண்ணு கேக்கலாமா? பிலோமினாவை என்கூட குன்னூருக்கு வந்துடச் சொல்லிக் கேட்டிருக்கேன். முறையா, கோயில்ல வச்சு, எல்லாம். பையன்கிட்டயும் பேசிட்டேன், அவனுக்குச் சந்தோஷம். இவங்கதான் பாக்கலாம், பாக்கலாம்னே சொல்றாங்க. என்ன தயக்கம்னு தெரியல. உங்களுக்குத் தெரியாம இருக்காது." தயங்குகிறாளா! எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. என்னால்தான், நான் என்ன செய்வேன் என்றுதான் தயங்குகிறாள். அந்தச் சந்தோஷத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு வாய் குடித்துவிட்டு, எனக்குத் தெரியலைங்க, அவளையே கேளுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவளுக்குக் குளிர் ஒத்துக்காது" என்று வந்தது. "வீசிங். உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறா." அவர் துடைப்பதை நிறுத்தினார். "எவ்வளவு நாளா? ராத்திரில வருதா?" "ராத்திரிலதான். ஒரு தடவை ஏற்காடு போனப்ப விடிய விடிய ஜன்னல்கிட்டயே உக்கார்ந்திருந்தா, படுக்கவே முடியல, உதடெல்லாம் நீலமாயிடுச்சு." ஒரு வார்த்தைகூட நான் ஜோடிக்கவில்லை, எல்லாம் நடந்தது. எனக்கு நடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது நான், முதுகைத் தடவிக்கொண்டு நின்றது பிலோ. என் மூச்சை எடுத்து அவள் நெஞ்சில் வைத்துவிட்டேன், எத்தனை சுலபமாக. "என் வொய்ஃபுக்கு நுரையீரல்தான் சிஸ்டர்" என்றார் அவர், கடலைப் பார்த்துக்கொண்டு. "கடைசி ரெண்டு வருஷம் மெஷின் வச்சுத்தான் மூச்சு. மலையில பனி இறங்கினா எனக்குப் பயமா இருக்கும். அந்தச் சத்தம்... இன்னும் கேக்குது." இப்போதாவது சொல்லு, சொல்லு என்று எனக்குள் யாரோ கத்தினார்கள். பணியாள் மசாலா வேர்க்கடலை கொண்டுவந்து வைத்தான். நான் அதில் வெங்காயத்தைத் தனியாக ஒதுக்கினேன். ஒவ்வொரு துண்டாக. சொல்லவில்லை.

பிலோ திரும்பி வந்து உட்காருவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "பிலோமினா, குன்னூர் வேண்டாம். நான் யோசிச்சிட்டேன். வீட்ட யார்கிட்டயாவது விட்டுட்டு நானே மெட்ராசுக்கு வந்துடறேன்." "என்ன திடீர்னு?" "சிஸ்டர் சொன்னாங்க. உங்க வீசிங் பத்தி. நீங்க சொல்லியிருக்கலாம். உங்களக் கூட்டிட்டுப் போய் அந்தப் பனியில வச்சு... இல்ல, வேண்டாம். நான் இங்க வரேன். வெயில்தானே, பழகிடும்." நான் வேர்க்கடலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவா நான் கேட்டது? நான் அவரைத் துரத்தப் பார்த்தேன், அவர் பெட்டியோடு மந்தைவெளிக்கு வருகிறார், மூன்றாவது மாடிக்கு, என் கூரைமேல் இனி இரண்டு பேர் நடப்பார்கள். முப்பது வருஷம் வாழ்ந்த மலையை ஒரு பொய்க்காக விட்டுவிட ஒரே நிமிஷம்தான் ஆயிற்று அவருக்கு. நான் அவளுக்காக எதை விட்டிருக்கிறேன்? பிலோ என்னைப் பார்க்கிறாள் என்பது என் வலது கன்னத்துக்குத் தெரிந்தது. எத்தனை நேரம் பார்த்தாள் தெரியவில்லை. பிறகு, "ஆமா, கொஞ்சம் உண்டு" என்றாள். "அப்புறம் பேசலாம் அதைப் பத்தி." அவர் தலையை ஆட்டினார், கண்ணைக் கசக்கினார், முகம் கழுவிட்டு வரேன் என்று எழுந்து போனார். வயதானவரின் நடை, அப்போதுதான் கவனித்தேன், வலது கால் சற்று இழுக்கிறது.

"ஏன்டி?" என்றாள் பிலோ. "அவரோட வொய்ஃப் எப்படிப் போனாங்கன்னு தெரியுமா உனக்கு?" "இப்பதான் சொன்னாரு." "அத கேட்டதுக்கு அப்புறமும் வாய மூடிட்டு உக்கார்ந்திருந்தியா?" ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கையை ஓங்கி அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு மேசை தள்ளி யாரோ பிறந்தநாள் கேக் வெட்டினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள், சத்தம் அடங்குகிறவரை இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்தோம். "பொறாமை" என்றேன். அந்த வார்த்தையை என்னைப் பற்றி நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை, அது வாயில் ஏதோ சின்னப் பிள்ளை வார்த்தைபோல இருந்தது. "பொறாமைடி. வேற காரணம் ஒண்ணும் இல்ல." "தெரியும். கீழ லிஃப்ட்ல நீ அவர் செருப்பையே பாத்துட்டு வந்தியே, அப்பவே தெரியும்." "நீ தயங்குறன்னு சொன்னாரு. எனக்காகத்தான்னு நெனச்சேன்." பிலோ கிளாஸைக் கீழே வைத்தாள். "சுகு, போறதுக்கு நான் தயங்கல. போகணும்னு ஜனவரியிலயே முடிவு பண்ணிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல, அதான் அவர்கிட்டயும் பாக்கலாம்னே இழுத்தேன். இன்னிக்கு இங்க வச்சு சொல்லலாம்னுதான் அவரைக் கூட்டிட்டு வந்தேன். ஜூன் இருபதாம் தேதி கல்யாணத்த வச்சுக்கலாம்னு நெனச்சிருக்கேன்." எரிந்த விளக்கு அணைந்தது. அதாவது நான் தடை இல்லை, வெறும் ஒரு சங்கடமான பேச்சு. பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவதுபோல என்னைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். நியாயமாக எனக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை. காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, உப்பு, ஈரம், எங்கோ மீன் வறுக்கிற வாசனை, கலங்கரை விளக்கத்தில் வெளிச்சம் சுற்ற ஆரம்பித்திருந்தது. அவளுக்கு இந்த வெயில் பிடிக்காது. பத்தொன்பது வருஷமாக மே மாதத்தைத் திட்டிக்கொண்டேதான் வாழ்ந்தாள், நான் அதையெல்லாம் வேடிக்கைப் பேச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "குன்னூர்ல" என்றேன், "மாடியில உக்கார்ந்து குடிக்க இடம் இருக்கா?" அவள் என்னை முறைத்தாள். "அந்தக் குளிர்ல எவடி மாடியில உக்காருவா? கம்பளியப் போத்திட்டு அடுப்புகிட்ட உக்கார்ந்து குடிக்கணும், கிழவிங்க மாதிரி." "இப்ப மட்டும் என்னவாம்?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் அவளுக்கு மூக்கு வழியாக ஒரு சத்தம் வரும், பன்றிக்குட்டிபோல, அது வந்ததும் எனக்கும் வந்தது, இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும்வரை, பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்க்கும்வரை.

எட்வின் வந்து நின்றுகொண்டிருந்தார். நெற்றி முடியில் தண்ணீர் சொட்டியது. "என்ன ஜோக்? எனக்கும் சொல்லுங்க" என்றார். "ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்றாள் பிலோ, இன்னும் சிரித்துக்கொண்டே. அவர் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், புன்னகையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார், யாரும் சொல்லவில்லை என்றதும் அந்தப் புன்னகையை என்ன செய்வதென்று தெரியாமல் கிளாஸைப் பார்த்துக் குனிந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். சாயங்காலம் முழுக்க நான் போட்டுக்கொண்டிருந்த முகம். ஒரு வாய் குடிக்கிற நேரம், பொய் சொல்ல மாட்டேன், அதை நன்றாக அனுபவித்தேன். பிறகு சொன்னேன். "எட்வின், அந்த வீசிங் அவளுக்கு இல்ல, எனக்கு. ஏற்காட்டுல மூச்சு வாங்கினது நான். அவளுக்கு ஒரு கோளாறும் கிடையாது. நீங்க கூட்டிட்டுப் போயிடுவீங்களேன்னு மாத்திச் சொன்னேன்." பிலோ சிரிப்பை நிறுத்தினாள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் முதலில் சிவந்தது, தாடை ஒருமுறை அசைந்தது, திட்டுவார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்று காத்திருந்தேன். டிஷ்யூவை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டார். "என்னை ரொம்ப பயமுறுத்திட்டீங்க" என்றார், சிஸ்டர் என்று சேர்க்காமல். இருட்டு வந்து மேசைக்கு மேசை சின்ன விளக்குகள் வைத்தார்கள். கடைசியில் அவர்தான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நீங்க டிசம்பர்ல வரக்கூடாது. ஏப்ரல் மேயில வாங்க, பனி இருக்காது, உங்களுக்கு ஒண்ணும் செய்யாது" என்றார். இதையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பொறாமைப்பட்டேன், இவ்வளவு சீக்கிரம் ஒருவரால் மன்னிக்க முடிகிறதே என்று. "ஏப்ரல் மே முடியாதுங்க" என்றேன். "வெள்ளிக்கிழமையெல்லாம் எங்களுக்கு வேலை இருக்கும்." எங்களுக்கு என்றுதான் வந்தது வாயில், எனக்கு என்று வரவில்லை. பிலோ திருத்துவாள் என்று பார்த்தேன். அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள், காற்றில் துப்பட்டா என் தோளில் வந்து வந்து விழுந்தது, அவள் அதை எடுக்கவில்லை.